48,000 ரூபாய் வாங்கிவிட்டுக் கறளுக்கு மேல் கழிவு ஒயில் பூசித் தந்தார்கள்

இன்று முழுக்க அப்பாவின் கோல்ஃப் வண்டிக்கு அடியில் கிடந்து சுரண்டினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையில் கருப்பு போகவில்லை. 48,000 ரூபாய்க்குப் பூசிய ‘கறள் தடுப்பு’ இதுதான்.

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் எங்களுக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, ஆனால் காணியை ஒரு சுற்றுச் சுற்றாமல் அவரால் இருக்கவும் முடியாது. அதற்காகவே ஹோட்டல் ஒன்று கழித்துவிட்ட பழைய பற்றரி கோல்ஃப் வண்டியை வாங்கினோம். எட்டு வோல்ட் பற்றரி ஆறு, மொத்தம் 48 வோல்ட். அடிச்சட்டம் இரும்பு. பற்றரியில் இருந்து கசியும் அசிட் பற்றரித் தட்டைத் தின்ன, நந்திக்கடல் பக்கத்து உப்புக்காற்றும் மாரிச் சேறும் மிச்சத்தைத் தின்றன. இந்த மாரிக்கு முன் அடியைச் சுத்தம் செய்து பூச்சு அடித்துவிட நினைத்தேன்.

ஏ9 வீதியோரம் வாகனம் கழுவிப் பூச்சு அடிக்கும் ஓர் இடம். பெயர் போடவில்லை. முதலாளி என்னைவிட இளையவர். தானே நிலத்தில் மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்து, ஒவ்வோர் இடமாகத் தட்டிக் காட்டினார். “பற்றரித் தட்டு அரைவாசி போட்டுது அண்ணை. பற்றரி எல்லாம் கழட்டி, அப்பச்சோடாத் தண்ணியால அசிட்டைக் கழுவி, கறளைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் அடிப்பூச்சு அடிச்சுத்தான் மேல கறுப்பு அடிப்பம்” என்றார். அசிட்டுக்கு அப்பச்சோடா என்றதும் நம்பிவிட்டேன். வேலை தெரியாதவன் அதைச் சொல்லமாட்டான் என்று நினைத்தேன். அப்பாவைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, “ஐயா, என்ர அப்பா ஓடுற வண்டி மாதிரிச் செய்து தருவன்” என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். 30,000 முற்பணம்தான் கேட்டார். நான் 48,000 ரூபாயையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

வண்டி வரும்போது அடி கன்னங்கரேல் என்று பளபளத்தது. பதினொரு நாள். முதல் மழை பெய்த மறுநாள் பற்றரிக்குத் தண்ணீர் விடக் குனிந்தால், கொட்டில் நிலமெல்லாம் எண்ணெய் மிதக்கிறது. தட்டைத் தொட்டேன், விரல் வழுக்கியது. எரிந்த ஒயில் மணம். கழிவு ஒயிலில் கறுப்புப் பெயின்றைக் கலந்து அடித்திருக்கிறார்கள். சுரண்டினால் போன மாரியின் சேறு அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே கறள் செதில் செதிலாக விழுகிறது. ஒரு பற்றரியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே பூச்சே இல்லை, கழற்றவே இல்லை! சட்டத்தில் தண்ணீர் வடியும் துவாரங்களையும் அடைத்துவிட்டார்கள். ஒன்றைக் கம்பியால் குத்த, உள்ளே நின்ற தண்ணீர் கொட்டியது. மேலோட்டமாகப் பிரஷர் தண்ணீர் அடித்ததில், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கொன்ட்ரோலருக்குள்ளும் ஈரம் போயிருக்க வேண்டும், வண்டி இப்போது இழுத்து இழுத்துப் போகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோல் எடுத்தேன். “உப்புக்காத்துக்கு எந்தப் பூச்சும் நிக்காது அண்ணை.” பதினொரு நாளிலா? அடுத்த தரம், வேலை செய்த பெடியன் லீவாம், திங்கட்கிழமை கொண்டுவரட்டாம். பட்டா லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு போனால் கேற் பூட்டு. அப்புறம் கொழும்பிலிருந்து சாமான் வர வேண்டுமாம். பிறகு என் நம்பரை எடுப்பதே இல்லை. அப்பாவின் போனில் எடுத்தேன், குரல் கேட்டதும் வைத்துவிட்டார். நேற்று நேரில் போனேன். “பில் இருக்கோ?” என்றார். அவ்வளவுதான். அதே கதிரையில் வேறொரு ஐயா பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

48,000 ரூபாய். எத்தனை தேங்காய் விற்ற காசு!

எப்படிச் செய்விப்பது என்று விளக்கமாக எழுத இருந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. முழுக்காசையும் முதலே கொடுக்காதீர்கள். பில் எடுங்கள். பற்றரிகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் அனுப்புங்கள். மோட்டார், கொன்ட்ரோலர் பக்கம் பிரஷர் அடிக்க விடாதீர்கள். ரெட் ஒக்சைட் அடித்த அன்று, கறுப்பு ஏற முதல், நேரில் போய் நின்று பாருங்கள்.