அடுக்குமல்லி என்று வாங்கினேன், கிள்ளினால் பால் வடிகிறது

போன ஆடியில் வீட்டுப் பக்கத்து நர்சரியில் 2 கன்று வாங்கினேன். ஒன்று குண்டுமல்லி, இன்னொன்று "அடுக்குமல்லி சார், நல்லா பூக்கும்" என்று கடைக்காரர் கையில் திணித்தது, ஒவ்வொன்றும் 80 ரூபாய். ஐப்பசியில் அடுக்குமல்லி பூத்தது. ஆசையாய்ப் பறிக்கப் போனால் காம்பிலிருந்து வெள்ளையாய்ப் பால், விரலெல்லாம் பிசுபிசுப்பு. மல்லியில் ஏது பால்? அடுக்கு நந்தியாவட்டையைத்தான் தலையில் கட்டியிருக்கிறார்.

ரெண்டும் வெள்ளைப் பூ, எதிரெதிரே இலை, அதோடு சரி. மல்லி ஆலிவ் மரத்துக்குச் சொந்தம், நந்தியாவட்டை அரளி, நித்தியகல்யாணி வகையறா. ஆங்கிலத்திலும் அதற்கு கிரேப் ஜாஸ்மின் என்று பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் மனுஷனை ரொம்பத் திட்டவும் முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக வந்ததுதான் தொந்தரவில்லாத செடி. அரை நாள் வெயில் போதும், ஊருக்குப் போய் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டும் வாடவில்லை, தினம் சாமி படத்துக்கு 5, 6 பூ கிடைக்கிறது. ஒரு நாள் காலையில் மட்டும் பாதி இலையைக் காணோம். தேடினால் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகில் நீலமாய் ரெண்டு கண்ணைக் காட்டி முறைக்கிறது! நிஜக் கண் இல்லை, அரளி அந்துப்பூச்சியின் புழு அது. எடுத்துத் தெருவோர அரளியில் விட்டுவிட்டேன்.

குண்டுமல்லியோ அதற்கு நேர்மாறு. மாடியில் வெயில் நாள் முழுக்க விழும் மூலைக்கு மாற்றி, கார்த்திகைக் கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, பங்குனி வரை காத்திருந்தேன். மொட்டு வைத்ததும் மொட்டுப்புழு வந்து பாதி ஊதாவாகிப் போனது. மிச்சத்தில் ஒரு முழம்கூடத் தேறவில்லை. ஆனாலும் சாயங்காலம் 7 மணிக்கு நாலு மொட்டு விரிந்தால் மாடிப்படி வரைக்கும் வாசனை வருகிறதே, அதற்கு நந்தியாவட்டை கிட்டவே வராது, ராத்திரியில் மூக்கை வைத்து முகர்ந்தால் லேசாக ஏதோ தெரியும், அவ்வளவுதான்.

கன்று வாங்கப் போகிறவர்கள் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் மல்லி இல்லை. நர்சரிக்கு 5-க்கு 3 தரலாம், கன்று ரெண்டும் வேர் நன்றாகப் பிடித்துத்தான் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அதுவும் வெள்ளையாத்தானே சார் பூக்குது" என்றார்.