யுஎஃப்டி ஸ்கிரிப்டில் அணியா, டிக்ஷனரியா, அரேலிஸ்டா?

முன்பு க்யூடிபி என்றும் பின்னர் யுஎஃப்டி என்றும் அறியப்பட்ட சோதனைத் தானியக்கக் கருவியில் ஸ்கிரிப்ட் எழுதும் மொழி விபிஸ்கிரிப்ட். பல மதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துவைக்க அதில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: மொழியிலேயே இருக்கும் அணி (அரே), ஒவ்வொரு மதிப்பையும் ஒரு திறவுகோலோடு சேர்த்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்டிங் டிக்ஷனரி, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்திலிருந்து வரவழைக்கும், தேவைக்கேற்ப நீளும் பட்டியலான அரேலிஸ்ட். பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் பழக்கத்தினாலேயே அணி எல்லா வேலைகளுக்கும் வந்து நிற்கிறது. அதற்குரிய இடம் அதைவிடச் சிறியது என்பது என் கருத்து.

இணையப் பக்கத்தில் உள்ள ஒரு டிராப் டவுன் பட்டியலைச் சரிபார்ப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் உள்ள பொருளின் பண்பை ஓடும் நேரத்தில் வாசிக்கும் கெட்ஆர்ஓபிராப்பர்ட்டி மூலம் அதன் 'ஆல் ஐட்டம்ஸ்' பண்பைக் கேட்டால், எல்லா உருப்படிகளும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரே சரமாக வந்து சேரும். சரத்தைத் துண்டுகளாக வெட்டும் ஸ்ப்ளிட் என்ற செயற்கூறிடம் (ஃபங்ஷன்) அதைக் கொடுத்தால் அணி தயார். இந்த ஒரு வேலையில் அணிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆனால் பட்டியல் காலியாக இருந்து வெற்றுச் சரம் வந்தாலும் ஸ்ப்ளிட் பிழை காட்டுவதில்லை. யூபவுண்ட், அதாவது கடைசி இடத்தின் எண், -1 ஆக உள்ள ஓர் அணியைத் தருகிறது. 0 முதல் யூபவுண்ட் வரை செல்லும் லூப் அப்போது ஒருமுறைகூட ஓடாது. எதையுமே சரிபார்க்காத சோதனை 'பாஸ்' என்று முடியும். ஆகவே லூப்புக்கு முன்னால் 'ஐட்டம்ஸ் கவுண்ட்' பண்பையும் எதிர்பார்த்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். உருப்படியின் பெயருக்குள்ளேயே அரைப்புள்ளி இருந்தால் ஸ்ப்ளிட் அதை இரண்டாக வெட்டிவிடுவதையும், இந்த எண்ணிக்கையை அணியின் உறுப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

தேடலுக்கு வரும்போதுதான் அணியின் செயற்கூறுகள் ஏமாற்றுகின்றன. ஃபில்டர் என்ற பெயரைப் பார்த்து, கேட்ட மதிப்புக்குச் சமமானவற்றை மட்டும் அது எடுத்துத் தரும் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அது உள்சரத்தைத்தான் தேடுகிறது: 10, 100, 210 என்ற மூன்று சரங்கள் உள்ள அணியில் 10 என்று கேட்டால் மூன்றுமே திரும்பி வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு வேண்டாம் என்று உரை ஒப்பீட்டு முறையைச் சேர்த்து நான் ஒருமுறை 'ஆக்டிவ்' என்ற நிலையைத் தேடவிட்டேன். திரையிலிருந்து அது நீக்கப்பட்டு 'இன்ஆக்டிவ்' மட்டும் எஞ்சிய பிறகும், அந்த ஸ்கிரிப்ட் இரண்டு வாரங்கள் பச்சை நிறத்திலேயே அறிக்கை தந்துகொண்டிருந்தது. தவறு கருவியுடையது அன்று. செயற்கூறின் விளக்கத்தைப் படிக்காத என்னுடையது.

அளவை மாற்றுவதும் அணிக்கு எளிதன்று. 5 என்று அளவு கொடுத்து அறிவித்தால், 0-இல் தொடங்குவதால் 6 இடங்கள் கிடைக்கும். அவ்வாறு அறிவித்ததைப் பின்னர் பெரிதாக்கவே முடியாது. அளவு குறிப்பிடாமல் அறிவித்த இயங்கு அணியை, உள்ளிருக்கும் மதிப்புகளை இழக்காமல் ரீடிம் பிரிசர்வ் மூலம் பெரிதாக்கலாம் என்றாலும், இருபரிமாண அணியில் அது கடைசிப் பரிமாணத்தை மட்டுமே மாற்றும். அதனால் வரிசை, நெடுவரிசை என்ற இயல்பான முறையில் அமைத்த அட்டவணையில் புதிய வரிசையைச் சேர்க்க வழியில்லாமல், இரண்டையும் இடம் மாற்றி எழுத வேண்டியதாகிறது.

ஒரு மதிப்பு இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வியானால் டிக்ஷனரியே பொருத்தம். 500 உருப்படிகள் கொண்ட இரு பட்டியல்களை அணிகளாக வைத்து லூப்புக்குள் லூப் ஓட்டினால் ஒப்பீடுகள் 2,50,000 வரை செல்லக்கூடும். ஒன்றை டிக்ஷனரியில் திறவுகோல்களாக ஏற்றிவிட்டால், 500 முறை ஏற்றுவதோடும், இருக்கிறதா என்று 500 முறை எக்ஸிஸ்ட்ஸ் மூலம் கேட்பதோடும் வேலை முடியும். எக்ஸிஸ்ட்ஸ் முழு மதிப்பையும் ஒப்பிடுவதால் 'ஆக்டிவ்' தொல்லையும் இங்கே இல்லை.

டிக்ஷனரிக்கும் ஒரு விசித்திரக் குணம் உண்டு. இல்லாத திறவுகோலின் மதிப்பை வாசித்தால் அது பிழை காட்டாமல், அந்தத் திறவுகோலை வெற்று மதிப்புடன் தானே உருவாக்கிக்கொள்ளும். சரிபார்க்கும் இடத்தில் இது ஆபத்து. எண்ணும் இடத்தில் இதுவே வசதி. ஒவ்வொரு பெயரையும் திறவுகோலாக்கி, அதன் மதிப்போடு 1 கூட்டிக்கொண்டே போனால், எந்தப் பெயர் எத்தனை முறை வந்தது என்பது ஒரே வரியில் கிடைத்துவிடும். அணியில் இதற்குத் தனிச் செயற்கூறே எழுத வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, 1001 என்ற எண்ணும் 1001 என்ற சரமும் டிக்ஷனரிக்கு வெவ்வேறு திறவுகோல்கள் என்பது. எக்செல் எண்ணாகத் தந்ததும் திரையிலிருந்து சரமாக வந்ததும் பொருந்தாமல் போகும்போது, பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் குழப்பம் நீளும். இரு பக்கமும், எதையும் சரமாக்கும் சிஎஸ்டிஆர் போட்டு ஏற்றுவதே நல்லது.

அரேலிஸ்டுக்கான தேவை எனக்கு ஒரே இடத்தில்தான் வருகிறது: வரிசைப்படுத்தல். விபிஸ்கிரிப்டில் அணியை வரிசைப்படுத்தும் செயற்கூறே கிடையாது என்பதால், பட்டியல் அகரவரிசையில் உள்ளதா என்று பார்க்க, அரேலிஸ்டில் ஏற்றி, சார்ட் செய்து, டூஅரே தரும் அணியை ஜாயின் மூலம் ஒரே சரமாக்கி, திரையிலிருந்து வந்த சரத்தோடு ஒப்பிடுகிறேன். எண்களையும் சரங்களையும் கலந்து ஏற்றினால் சார்ட் பிழையில் நிற்கும்; எல்லாமே சரங்களானால் 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய தடை, கிரியேட்ஆப்ஜெக்ட் வழியாக இதை வரவழைக்க, ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5 நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதே. எழுதும் கணினியில் ஓடியது இரவில் சோதனைக் கணினியில் முதல் வரியிலேயே விழுவதற்கு இது போதும். எனவே சார்ட் செய்யும் பகுதியை மட்டும் பொது லைப்ரரியில் தனிச் செயற்கூறாக வைத்திருக்கிறேன், 3.5 இல்லாத கணினியில் ஓட்ட நேர்ந்தால், அந்த ஒரு செயற்கூறுக்குள் கையால் எழுதிய வரிசைப்படுத்தலைப் போட்டுவிடலாம், அதை அழைக்கும் சோதனைகளில் ஒரு வரியும் மாறாது.