170 டாலர் டின்: 7என்6 தோட்டாவோடு பதிமூன்று வருடம்

போன வாரம் டாலஸிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சி, கன் ஷோவுல ஒருத்தர் சீல் உடைக்காத 7என்6 டின் வச்சிருக்கார். 900 டாலர் சொல்றார். வாங்கலாமா?" 7என்6 என்பது பழைய சோவியத் ராணுவத் தோட்டா, சீல் வைத்த தகர டின்னில் அடைத்து வந்தது. பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எனக்கே குரல் ஏறிவிட்டது. அவன் மேல் கோபம் இல்லை. அதே டின்னை 2012இல் நான் 170 டாலருக்கு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். சரி, எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பலரும் துப்பாக்கி வாங்கிவிட்டு அதற்குத் தோட்டா தேடுவார்கள். நான் தோட்டாவுக்காகத் துப்பாக்கி வாங்கியவன். அப்போது அமெரிக்க ராணுவ அளவான 5.56 தோட்டா ஒன்று 30 சென்ட்டுக்கு மேல். சோவியத் ராணுவம் மிச்சம் வைத்துப்போன 5.45×39 அளவு 7என்6, டின்னுக்கு 1080 வீதம், ஒன்று 16 சென்ட். கணக்குப் போட்டுப் பார்த்து, பல்கேரிய உதிரிப் பாகங்களை வைத்து இங்கே கோத்த ஏகே-74 வகை செமி-ஆட்டோ (விசையை அழுத்தினால் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் சுடும்) ஒன்றை வாங்கினேன். துப்பாக்கியின் விலை தோட்டாவில் கழிந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

முதல் டின்னைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே பழுப்புக் காகிதப் பொட்டலங்கள், ஊர் மளிகைக் கடையில் மடித்துத் தருவார்களே, அந்த மாதிரி. ஒரு பொட்டலத்தில் 30 தோட்டா, ஒரு மேகசினுக்குச் சரியாக. யாரோ யோசித்து மடித்திருக்கிறார்கள். தோட்டாவின் அடியில் 60 என்ற எண். அது ஃப்ரூன்சே ஆலையின் எண்; அந்த ஊர் இன்று கிர்கிஸ்தானின் பிஷ்கெக். நாடு போய்விட்டது, ஊர்ப்பெயரும் போய்விட்டது, தோட்டா மட்டும் ஹூஸ்டனில் என் கார் ஷெட்டில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒன்றுகூட வெடிக்காமல் ஏமாற்றியதில்லை. புதிதாக வாங்கிய மலிவுத் தோட்டாக்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

சுடும்போது? குண்டின் எடை 53 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம்கூட இல்லை. ஆனால் ஒல்லியாக, நீளமாக, உள்ளே எஃகுக் கரு, நுனியில் கொஞ்சம் வெற்றிடம். ராணுவக் கணக்கில் வேகம் நொடிக்கு 900 மீட்டர். வேகம் அளக்கும் என் குரோனோகிராஃபில் 890க்கு முன்னே பின்னே காட்டியது. பழைய ஏகேஎம் ரைபிளின் 7.62×39 வைத்திருப்பவர்களுக்கு அது 715 வாக்கில் என்பது தெரியும். வித்தியாசம் 300 மீட்டரில்தான் புரியும். 100 மீட்டருக்கு நேர்செய்து வைத்தால் அங்கே என் குண்டு சுமார் ஒன்றே கால் அடி இறங்கும். பக்கத்து மேஜைக்காரரின் ஏகேஎம் இரண்டு அடிக்கு மேல் இறங்கும். மார்பளவு இலக்குக்கு ஏகே-74இன் நேர்சூட்டுத் தூரம் (குண்டின் பாதை இலக்கின் உயரத்துக்கு மேல் போகாத தூரம்) 440 மீட்டர், ஏகேஎம்முக்கு 350 என்று சோவியத் கையேடு சொல்வது சும்மா இல்லை. உதைப்போ, இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். 100 கஜத்தில் குழு, அதாவது குண்டுகள் விழும் பரப்பு, இரண்டரை, மூன்று அங்குலம். பரிசு வாங்கும் துல்லியம் இல்லை. 16 சென்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம் உப்பு. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். காற்றில் உள்ள ஈரத்தை அது இழுக்கும், ஹூஸ்டன் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. குழலின் உள்பக்கம் குரோம் பூச்சு இருப்பதால் தப்பிக்கும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக்கும், வாயுவைத் திருப்பி அனுப்பும் கேஸ் பிளாக்கும்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு ஆகஸ்டில் அலுப்பில் இரண்டு நாள் விட்டுவிட்டேன். பிரேக்கின் உள்ளே புளி போட்ட இரும்புச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம்தான் மருந்து என்று சுடும் பயிற்சி ரேஞ்சில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். அம்மோனியா ஒன்றும் செய்வதில்லை. அதில் இருக்கும் தண்ணீர்தான் உப்பைக் கரைக்கிறது. கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குழல், பிரேக், கேஸ் பிளாக் எல்லாவற்றிலும் ஊற்றி, காயவைத்து, எண்ணெய் போட்டால் முடிந்தது. (கெட்டில் தனியாக வாங்கிவிட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லை.)

இந்தக் கழுவுகிற வேலையைத்தான் அன்று பெரிய குறையாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். 2014 ஏப்ரல் 7 வரை.

1986 சட்டம் சொல்வது இது: கைத்துப்பாக்கியில் போட்டுச் சுடக்கூடிய குண்டின் கரு முழுக்க எஃகு, டங்ஸ்டன் மாதிரி உலோகத்தால் ஆனதென்றால் அது கவசம் துளைக்கும் வகை, பொதுமக்களுக்காக இறக்குமதி செய்ய முடியாது. 5.45 ரைபிளில் மட்டும் இருந்தவரை 7என்6இல் யாரும் கை வைக்கவில்லை. இந்த அளவில் ஒரு கைத்துப்பாக்கி வந்தது, கதை முடிந்தது. துப்பாக்கிச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசு அமைப்பான ஏடிஎஃப் தோட்டாவைப் பிரித்துப் பார்த்து, எஃகுக் கரு, கவசம் துளைப்பது, இனி வராது என்று அன்று அறிவித்துவிட்டது. ரஷ்யத் தடை என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதியே கிடையாது என்றார்கள். முதல் அடியில் மலிவுத் தோட்டா போனது, இரண்டாவது அடியில் அதற்குப் பதிலாக வந்துகொண்டிருந்த 60 கிரெய்ன் புதுத் தோட்டாவும் போனது.

நியாயமாகப் பேசினால், சட்டத்தின் வரிகளைப் படித்தால் ஏடிஎஃப் சொன்னதைத் தூக்கி எறிய முடியவில்லை. கருவில் ஈயமும் இருக்கிறதே, "முழுக்க எஃகு" எப்படி ஆகும் என்று வாதாடியவர்கள் உண்டு. எனக்கும் அந்த வாதம் பிடிக்கும், ஆனால் பிடித்திருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். 5.56இன் பச்சை முனை எம்855இலும் எஃகு உண்டு. அதற்கு 1986இலேயே விலக்கு கொடுத்தார்கள். 2015இல் அதைப் பறிக்கப் பார்த்து, மக்கள் போட்ட சத்தத்தில் பின்வாங்கினார்கள். பழைய அமெரிக்க ராணுவ அளவான .30-06இன் கறுப்பு முனை எம்2, கவசம் துளைக்கவே செய்தது, அதற்கும் விலக்கு. ஃப்ரூன்சேக்காரனின் சின்னக் குண்டுக்குப் பேச ஆளில்லை.

வைத்திருப்பது தப்பில்லையா என்று நண்பன் கேட்டான். தடை இறக்குமதிக்கு, ஏற்கெனவே உள்ளே வந்ததை டெக்சஸில் வைத்திருக்கலாம், சுடலாம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ரேஞ்சில் எஃகு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். நான் இரண்டு இடத்தில் திரும்பியிருக்கிறேன்.

பதிமூன்று வருடத்தில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது துருவும் இல்லை, காந்தமும் இல்லை. எண்ணுவது. முன்பு ஒரு சனிக்கிழமை காலையில் பத்துப் பொட்டலம் சுட்டுத்தள்ளுவேன், எண்ணவே மாட்டேன். இப்போது ஒவ்வொரு தோட்டாவும் 83 சென்ட் என்று விசையில் விரல் வைக்கும்போதே மனசு சொல்கிறது. குழு இப்போது கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது என்பது உண்மைதான். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

ஆகவே நண்பா, வாங்காதே. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இருந்த பொருள் இது. மலிவு போனபின் மிச்சம் இருப்பது உப்பும் வெந்நீரும்தான். அந்த 900 டாலருக்கு வேறு அளவில் நல்ல புதுத் தோட்டாவே வாங்கலாம், கழுவவும் வேண்டாம்.

ஆனால் அந்த மனிதரின் நம்பரை வாங்கி வை. டின்னில் துரு இருக்கிறதா, எந்த ஆலை எண் என்று மட்டும் பார்த்துச் சொல். 60 என்றால் உடனே கூப்பிடு.