தங்கச்சிமடம் பிரவுசிங் சென்டர்: ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளையைக் கூட்டிட்டுப் போக நல்ல கடை

ராமேஸ்வரம் தீவுல இருக்கிற தங்கச்சிமடம் மெயின் ரோட்டுல, மீன் வண்டிங்க நிக்கிற இடத்தைத் தாண்டினா மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் இருக்கு. ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், ஆதார் வச்சுப் பணம் எடுக்கலாம்னு போர்டுல மூணே வரி. கடை நடத்துற அக்கா அவங்க பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல. 2025 மே, ஜூன்ல மட்டும் என் தம்பிக்காக அஞ்சு தடவை அங்க போயிருக்கேன்.

கடை எனக்கு முன்னாடியே பழக்கம். நான் நண்டு கம்பெனியில வேலை பார்க்கிறேன். அவிச்ச நண்டை உடைச்சு சதை எடுக்கணும், கிலோ கணக்குக்குக் கூலி. எட்டு வருஷமா ஓடு குத்திக் குத்தி என் விரல் ரேகை தேஞ்சு போச்சு. பணம் எடுக்கப் போற இடத்துல எல்லாம் மெஷின்ல ரேகை விழாது, "நாளைக்கு வா"ம்பாங்க. இந்த அக்கா மட்டும் ஈரத்துணியைக் கொடுத்து விரலைத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலா வச்சுப் பார்ப்பாங்க. இடது கை மோதிர விரல் விழும்னு அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. இப்ப நான் போய் நின்னாலே "மோதிர விரலை வைம்மா"ம்பாங்க.

தம்பி ப்ளஸ் டூல 600-க்கு 438 எடுத்தான். ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரியே, "மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதும் போட்டுக்குப் போறேன், படிப்பு வேண்டாம்"னுட்டான். அவன் சேக்காளிங்க ரெண்டு பேர் ஏற்கெனவே விசைப்படகுல போறாங்க, கையில காசு புழங்குது. அப்பா நாட்டுப்படகு வச்சிருக்கிறவர், அவர் ஒண்ணும் சொல்லல. அம்மா அழுதாங்க. அவனைத் திட்டுற உரிமை எனக்கு இருக்கானு எனக்கே தெரியல. "சும்மா ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போம்டா"னு சொல்லித்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அக்கா அப்ளிகேஷனைத் திறக்கவே இல்ல. "என்ன தம்பி பண்ணப் போற?"னு கேட்டாங்க. "கடலுக்கு." "சரி, உட்காரு, கணக்குப் பார்ப்போம்"னு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாங்க. அந்தப் பக்கத்தை அப்புறமா போட்டோ எடுத்து வச்சிருக்கேன். மேல "கடல்"னு எழுதி, 365 போட்டு, தடைக்காலம் 61 நாளைக் கழிச்சாங்க. மிச்சம் 304. அது 43 வாரம் சொச்சம். விசைப்படகு இங்க திங்கள், புதன், சனி மட்டும்தான் போகும், மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அப்ப வாரத்துக்கு மூணு நாள், மொத்தம் 130. "இதுல காத்து எச்சரிக்கைனு கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாள் எத்தனை? நம்ம ஆளுங்களை இலங்கை நேவி பிடிச்சா வேலைநிறுத்தம் எத்தனை நாள்? நீயே கழி"னு பேனாவை அவன் கையில கொடுத்தாங்க. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சு 30-ஐக் கழிச்சான். 100 நாள். "டீசல், ஐஸ் செலவு போக ஒரு நாள் பங்கு எவ்வளவு வரும்?" "நல்ல மீன்பாடுனா 1500-க்கு மேல வரும், சில நாள் ஒண்ணுமே வராது." சராசரி 800-னு அவனே சொன்னான். வருஷத்துக்கு 80,000. மாசத்துக்கு ஏழாயிரத்துக்கும் கீழ. நோட்டைத் திருப்பி அவன் முன்னாடி வச்சுட்டு, அக்கா அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டாங்க.

இதுக்காகத்தான் இந்தக் கடையைப் பத்தி எழுதணும்னு நினைச்சேன். அவங்க அவனுக்குப் புத்தி சொல்லல. கடல் தொழில் மட்டம்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அவன் எந்திரிச்சுப் போயிருப்பான், நானும் போயிருப்பேன். எங்க அப்பா கச்சான் காத்துல நீரோட்டத்தைப் பார்த்து வலை விடுறவர், அது சாதாரணப் படிப்பு இல்ல.

திரும்பி வந்து அடுத்த பக்கத்துல "காலேஜ்"னு எழுதினாங்க. அதுலயும் அதே கறார். "சேர்ந்துட்டா வேலை வந்துரும்னு நினைக்காத. டிகிரி முடிச்சு அரியரோட வந்து நிக்கிற பிள்ளைங்களுக்கும் நான்தான் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறேன்"னாங்க. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக்கு 2, ஆக 50 ரூபாய். தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவன் பேர்ல இருக்கிற கணக்குக்கே வரும், மூணு வருஷத்துக்கு 36,000. இன்ஜினியரிங்னா விண்ணப்பம் 500 ரூபாய். அவன் மார்க்கை வாங்கி, கணக்கு 78, இயற்பியல்ல 66-ல பாதி, வேதியியல்ல 70-ல பாதி, கட்-ஆஃப் 200-க்கு 146-னு போட்டுக் காட்டினாங்க. 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பத்திக் கேட்டேன். ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். இவன் எட்டாவது வரைக்கும் உதவி பெறும் பள்ளியில படிச்சவன், கிடைக்காதுனு உடனே சொல்லிட்டாங்க. தமிழ்ப் புதல்வனுக்கு மட்டும் உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சதும் செல்லும். இந்த வித்தியாசத்தை வேற யாரும் எங்களுக்குச் சொல்லல.

மூணாவது பக்கம் நான் எதிர்பார்க்காதது. ப்ளஸ் டூல கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், ரெண்டே வருஷத்துல டிப்ளமோ. அதுக்கப்புறம் வேணும்னா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அதுக்குக் கீழ "சிஃப்நெட்"னு எழுதிக் கோடு போட்டாங்க. மத்திய அரசோட மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனம். தலைமை இடம் கொச்சி, சென்னையிலயும் விசாகப்பட்டினத்துலயும் கிளை இருக்கு. கப்பல் ஓட்டுறதுக்கு ஒரு படிப்பு, கப்பல் இன்ஜினுக்கு ஒரு படிப்பு, ரெண்டும் ரெண்டு வருஷம், நுழைவுத் தேர்வு எழுதணும். அதுவரைக்கும் தலையைத் தூக்காத தம்பி, "இன்ஜினுக்கா?"னு கேட்டான். வீட்ல படகு இன்ஜின் நின்னா கழட்டிப் பார்க்கிறவன் அவன்தான்.

அன்னிக்கு எதுவும் முடிவு பண்ணல. கணக்குப் பார்த்துச் சொன்னதுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கல.

நான் 2017-ல ப்ளஸ் டூ முடிச்சேன், 1200-க்கு 987. ஊர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில கடைசித் தேதி இதுதான்னு சொன்னதை நம்பி அப்பாவோட ராமநாதபுரம் காலேஜுக்குப் போனோம். தேதி முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு நண்டு கம்பெனிக்குப் போனேன், அடுத்த வருஷம்னு ஒண்ணு வரவே இல்ல. யாராவது ஒருத்தர் இப்படி ஒரு நோட்டை என் முன்னாடி வச்சிருக்கலாம்.

மூணாவது தடவை போனது முதல் பட்டதாரி சான்றிதழுக்கு. இ-சேவை வழியா 60 ரூபாய், தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். குடும்பத்துல யாரும் பட்டம் வாங்கலனு கூட்டு உறுதிமொழி கொடுக்கணும். தாத்தா பாட்டியில ஆரம்பிச்சு எல்லார் படிப்பையும் வரிசையா எழுதணும். என் வரி வந்தப்ப அக்கா டைப் பண்றதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. "உறவு: சகோதரி. கல்வித் தகுதி: பன்னிரண்டாம் வகுப்பு." நான் காலேஜ் போயிருந்தா இந்தச் சான்றிதழ் அவனுக்குக் கிடைச்சிருக்காது. கையெழுத்துப் போட்டேன். தம்பி வாசல்ல போய் நின்னுக்கிட்டான். வீட்டுக்கு வர்ற வழியில, "அக்கா, இன்ஜினியரிங்குக்கும் போடுவோம்"னான்.

குறைனு சொல்லணும்னா, இடம் ரொம்பச் சின்னது. ஒரே பிரிண்டர். உட்கார நாலு ஸ்டூல்தான், ஃபேன் காத்து கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வரும். ரசீது கேட்டாத்தான் கொடுப்பாங்க, கேட்டு வாங்கிக்குங்க. தாத்தா படிச்ச விவரமும் வேணும்னு முதல் நாளே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் கூலி மிச்சமாயிருக்கும். அப்பா இனிஷியலைத் தப்பா அடிச்சுட்டு, பிரிண்ட் எடுத்த பிறகுதான் பார்த்தாங்க. திருத்தி மறுபடி எடுத்துக் கொடுத்ததுக்குக் காசு வாங்கல. இன்ஜினியரிங் அப்ளிகேஷனுக்கு அவங்க கூலி 80 ரூபாய், கலைக் கல்லூரிக்கு 50. வெளியில இதைவிடக் கூட வாங்குறாங்க.

இதை எழுதுறப்ப ஜூன் கடைசி. கலந்தாய்வுக்குக் காத்திருக்கோம். தம்பி 16-ம் தேதி திங்கள்ல இருந்து போட்டுக்குப் போறான், நானும் தடுக்கல. முதல் நாள் பங்கா 600 ரூபாய் கிடைச்சது, அம்மாகிட்ட கொடுத்தான். நோட்டுப் பக்கத்தோட போட்டோவை என் போன்ல இருந்து அவன் போனுக்கு அனுப்பி வச்சிருக்கான், நான் அனுப்பல. எனக்கு அவன் படிக்கணும்னுதான் ஆசை, அதை அவன்கிட்டயும் சொல்லிட்டேன். சிஃப்நெட் அறிவிப்பு வந்தா அக்கா கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க.

போறவங்களுக்கு: மதியம் ஒண்ணுல இருந்து மூணரை வரைக்கும் கடை பூட்டியிருக்கும். காலையில ஒன்பதரைக்குப் போனா கூட்டம் இருக்காது. ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட், டிசி, பிள்ளை பேர்ல இருக்கிற பேங்க் பாஸ்புக், எல்லாம் ஒரிஜினலா எடுத்துட்டுப் போங்க. போன் நம்பர் கேட்டா கரையில இருக்கிற ஆளோட நம்பரைக் கொடுங்க. நாங்க அப்பா நம்பரைக் கொடுத்துட்டு, ஓடிபிக்காக அவர் படகு கரைக்கு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அக்காவும் கடையைப் பூட்டாம எங்களோடவே இருந்தாங்க.