குரூப் வழியாக மட்டுமே ஃபோல்டர் அனுமதி: பல வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஃபைல் சர்வரில் யாருக்கு எந்த ஃபோல்டர் என்று ஆளுக்கு ஆள் டிக் அடித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, டைரக்டரி சர்வரில் (பயனர் கணக்குகளும் குரூப்களும் பதிவாகியிருக்கும் சர்வர்) இருக்கும் குரூப்கள் வழியாக மட்டுமே கொடுப்பது என்று நாங்கள் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. எங்களிடம் இருப்பது சாம்பா, லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல் பகிரும் மென்பொருள். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவும், அதாவது விண்டோஸ் நெட்வொர்க்கின் கணக்குகளையும் லாகினையும் கவனிக்கும் சர்வராகவும் ஓடும். ஃபைல்கள் அந்தக் கன்ட்ரோலரில் இல்லை. டொமைனில் சேர்ந்த இன்னொரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. கீழே சொல்வதில் பெரும்பகுதி விண்டோஸ் சர்வருக்கும் பொருந்தும்.

ஏற்பாடு இரண்டடுக்கு. ஒவ்வொரு பகிர்வு ஃபோல்டருக்கும் இரண்டு குரூப்: படிக்க ஒன்று, மாற்ற ஒன்று. ஃபோல்டரின் ஏசிஎல்லில் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) ஏறுவது இவை மட்டுமே. கணக்குத் துறை, வடிவமைப்புத் துறை என்று ஆட்கள் இருக்கும் குரூப்கள் வேறு. அவற்றை இந்த ஃபோல்டர் குரூப்களுக்குள் உறுப்பினராகச் சேர்க்கிறோம். துறைக் குரூப்பையே நேராக ஃபோல்டரில் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் தணிக்கைக்கு வந்தவர்களுக்குச் சில வாரம் படிக்கும் அனுமதி வேண்டும் என்பார்கள். ஏசிஎல்லில் கைவைத்தால், அந்த மாற்றம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் போய் எழுதப்பட வேண்டும். லட்சக்கணக்கில் ஃபைல் இருக்கும் இடத்தில் ஓகே அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி ஃபைல் புது அனுமதியிலும் பாதி பழையதிலும் நிற்கும். இரண்டடுக்கில் அதே வேலை, டைரக்டரியில் ஒரு உறுப்பினரைச் சேர்த்து, பிறகு எடுப்பதோடு முடிந்துவிடும்.

தனி ஆளின் பெயரை ஏசிஎல்லில் போடவே கூடாது என்பதில் நான் கறார். அவர் போன பின் கணக்கை அழித்தால், அந்தக் கணக்கின் உள் அடையாளமான, எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் அங்கே மிஞ்சும். அது யார், ஏன் கொடுத்தோம் என்று சொல்ல ஆள் இருக்காது.

அதிகம் தொல்லை கொடுத்தது என்னவென்றால், குரூப்பில் சேர்த்த உடனே அனுமதி வராது. ஒருவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது லாகின் நேரத்தில் கணக்கிடப்பட்டு, கெர்பரோஸ் டிக்கெட்டுக்குள் (லாகின் செய்தவருக்கு டொமைன் தரும் அடையாளச் சீட்டு) போய்விடுகிறது. புது அனுமதி வேண்டுமானால் லாக் ஆஃப் செய்து திரும்ப வர வேண்டும். திரையைப் பூட்டித் திறந்துவிட்டு, “பண்ணிட்டேன், வரலையே” என்பவர்கள் இன்றும் உண்டு. சேர்ப்பதில் இது வெறும் எரிச்சல்தான். நீக்குவதில் ஆபத்து. டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம்; காலையில் குரூப்பிலிருந்து எடுக்கப்பட்டவர் மாலை வரை உள்ளே இருக்கலாம். அவசரம் என்றால் கணக்கை முடக்கி, ஃபைல் சர்வரில் அவருடைய இணைப்பையும் அறுத்துவிடுகிறோம். கணக்கை முடக்குவது மட்டும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பைத் தொடாது.

உள்ஃபோல்டருக்குத் தனி அனுமதி கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நான்காவது படியில் இருக்கும் ஒரு ஃபோல்டர் மட்டும் இவருக்கு, மேலே எதுவும் தெரியக்கூடாது என்று. விண்டோஸில் மேல் ஃபோல்டர்களைக் கடந்து போகும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் உண்டு, முழுப் பாதையைத் தட்டினால் போய்ச் சேரலாம். லினக்ஸில் ஓடும் சாம்பாவில் அப்படி இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் கடந்து போகும் அனுமதி வேண்டும். விண்டோஸிலிருந்து மாறுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். எங்கள் தீர்வு சலிப்பானது: முதல் இரண்டு படிகளுக்குக் கீழே தனி அனுமதி கிடையாது. வேண்டுமென்றால் புது ஃபோல்டரை மேலே எடுத்து வைக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை, நகர்த்துவது. ஒரே பகிர்வுக்குள் ஒரு ஃபைலை நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வரும். நகல் எடுத்தால் சேரும் இடத்தின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். “அதே ஃபோல்டரில் இந்த ஒரு ஃபைல் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எங்கிருந்து இழுத்துப் போட்டீர்கள் என்றுதான்.

மறுப்பு விதிகளை (இவருக்கு அனுமதி இல்லை என்று ஏசிஎல்லில் எழுதுவது) நாங்கள் தொடுவதே இல்லை. பேக்கப் பற்றி ஒரு வரி: விண்டோஸ் பாணி ஏசிஎல்லை சாம்பா ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவலான நீட்சிப் பண்புகளில் சேமிப்பதால், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டும்போது பெரிய எக்ஸ் (-X) சுவிட்சைப் போடாமல் விட்டால் ஃபைல் திரும்பும், அனுமதி திரும்பாது.

தொழில்நுட்பத்தில் இவ்வளவுதான் தகராறு. தீராமல் இழுப்பது, ஒரு குரூப்பில் யார் இருக்கலாம் என்று யார் சொல்வது என்பது. துறை மாறியவருக்குப் புதுக் குரூப் கேட்டு அன்றே கடிதம் வரும். பழையதிலிருந்து எடுக்கச் சொல்லி எதுவும் வராது. சில வருடம் இருந்தவர் எல்லாத் துறையையும் படிக்கிறார். குரூப்புக்குள் குரூப் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. எல்டாப் (டைரக்டரியில் தேடப் பயன்படும் நெறிமுறை) தேடலில் 1.2.840.113556.1.4.1941 என்ற விதியைச் சேர்த்தால் உள்ளடங்கிய உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை ஃபோல்டருக்குப் பொறுப்பான துறைத் தலைவருக்கு அவ்வப்போது அனுப்புகிறேன். பெயர்களைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே அக்கறை வருகிறது. பொறுப்பாளர் யார் என்பதைக் குரூப்பின் விவரக் குறிப்பிலேயே எழுதிவைக்கிறோம். பொறுப்பாளர் கிடைக்காத ஃபோல்டருக்குக் குரூப் உருவாக்குவதில்லை.

ஐந்தாறு பேர் மட்டும் உள்ள இடத்துக்கு இரண்டடுக்கு அதிகம். துறைக் குரூப்பை நேராகப் போட்டாலே போதும். ஆனால் அங்கேயும் தனிப் பெயர் வேண்டாம்.