சொல்லாமல் விட்டது எது? ஒரு 18 வெள்ளிப் பயிற்சி நூல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் டியூஷனுக்குப் போகிற படிவம் 5, படிவம் 6 பிள்ளைகளின் பையில் ஒரு நீல அட்டை நூல் அடிக்கடி தென்படுகிறது. 84 பக்கம், வளைய பைண்டிங், 60 கேள்வி, 18 வெள்ளி (ரிங்கிட்). நாலைந்து வரியில் ஒரு வாதம் இருக்கும். அதைச் சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல் எதை நம்பிப் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நூல் முழுக்க இது ஒன்றுதான். முதல் 30 கேள்விக்காக இதை வாங்கலாம். அதற்குப் பிறகு விடைப்பட்டியலை நம்பினால் படித்ததும் குழம்பிப் போகும்.

முதலில் ஒரு சொல் தகராறு. நூல் நெடுக ‘அனுமானம்’ என்றே போட்டிருக்கிறார்கள். தர்க்கத்தில் அனுமானம் என்பது தெரிந்ததிலிருந்து தெரியாததை உய்த்துணர்வது, அதாவது முடிவுக்குப் போகிற வழி. இங்கே தேடுவது முடிவுக்கு அடியில் சொல்லாமல் கிடக்கும் நம்பிக்கையை, அதாவது எடுகோளை. 12ஆம் பக்கத்தில் ஒரே பத்தியில் இரண்டு பொருளிலும் ‘அனுமானம்’ வருகிறது. பிள்ளை எதைத் தேடும்? வாங்கியதும் பேனாவால் ‘எடுகோள்’ என்று திருத்திக்கொள்வது நல்லது.

நூலின் பலம் அது சொல்லித்தரும் முறை. ‘ஆகவே’, ‘எனவே’, ‘அதனால்’ தொடங்கும் வரிக்குக் கோடு போடு, காரணத்தை வட்டமிடு, முடிவில் மட்டும் தலைகாட்டும் புதுச் சொல்லைப் பிடி. 7ஆம் கேள்வி நல்ல எடுத்துக்காட்டு: “இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் 5 ஆண்டுக்கு முன் 22 பேர் சேர்ந்தார்கள், இவ்வாண்டு 9 பேர். ஆகவே தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன.” காரணம் பேசுவது சேர்ந்த பிள்ளைகளை, முடிவு பேசுவது குடும்பங்களை. குடும்பம் அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்துகொண்டே பிள்ளையை டவுன் பள்ளிக்கு அனுப்பலாம். வீட்டுக்கு நாலு பிள்ளை இருந்த இடத்தில் ஒன்றே இருக்கலாம். சரிவுக்கு இவை காரணமில்லை என்று வாதம் சொல்லாமலே நம்புகிறது. இந்த இடைவெளியைப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முடிவு முதல் வரியிலேயே வந்து, ‘ஆகவே’ எங்குமே இல்லாத வாதங்கள் நூலில் நாலுதான். தேர்வில் அப்படி நிறைய வரும்.

அடுத்தது மறுத்துப் பார்க்கும் சோதனை. எடுகோள் என்று நினைப்பதைப் புரட்டிப் போடு. வாதம் விழுந்தால் அதுதான் விடை, நின்றால் அல்ல. அருமையான கருவி, ஆனால் நூல் புரட்டுகிற விதம் தவறு. “எல்லாத் தொழிலாளரும் சங்கத்தில் உள்ளனர்” என்பதற்கு மறுப்பாக, “எல்லாத் தொழிலாளரும் சங்கத்தில் இல்லை” என்று கொடுத்திருக்கிறார்கள். தமிழில் இந்த வாக்கியம் ஒருவர்கூட இல்லை என்றும் படும், சிலர் இல்லை என்றும் படும். சோதனைக்கு வேண்டியது இரண்டாவது பொருள் மட்டும். “சங்கத்தில் இல்லாத தொழிலாளர் ஒருவராவது உண்டு” என்று எழுதினால் குழப்பமில்லை. அதுபோல ‘சிலர்’ என்றால் மறுப்பு ‘ஒருவரும் இல்லை’.

பெரிய பிழை 31ஆம் கேள்வியில். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது பற்றிய கேள்வி அது. “சென்ற மாதம் மழையால் 10 நாள் பால்வெட்டு நின்று, 16 நாள்தான் வெட்டினார்கள். இந்த மாதம் மழையே இல்லை, 26 நாளும் வெட்டு. ஆகவே இந்த மாதம் மொத்தப் பால் கூடும்.” விருப்பங்கள்:

அ. ஒரு நாள் பால் இந்த மாதமும் சென்ற மாத அளவே இருக்கும்.
ஆ. பால் விலை இறங்காது.
இ. கூடின வெட்டு நாட்களை விழுங்கிவிடும் அளவுக்கு ஒரு நாள் பால் குறையாது.
ஈ. மழை பெய்தால் வெட்டு நிற்கும்.

ஆ-வுக்கும் முடிவுக்கும் ஒட்டே இல்லை. ஈ வாதத்திலேயே வெளிப்படையாக வந்துவிட்டது. நூல் சொல்லும் விடை அ. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. சென்ற மாதம் நாளுக்கு 20 கிலோ என்றால் 16 நாளில் 320. இந்த மாதம் நாளுக்கு 13 கிலோவுக்கு இறங்கினாலும் 26 நாளில் 338. அ பொய்யாகிவிட்டது, முடிவு அப்படியே நிற்கிறது. 12 கிலோவுக்கு இறங்கினால் 312, முடிவு விழும். அந்த இறக்கத்தை மட்டும் தடுப்பது இ. விடை இ.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு வழுக்கலும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் “முடிவே தப்பு” என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முடிவு சரியா தப்பா என்பது கேள்வியில்லை. வாதம் எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

31-க்கு அ-வை விடையாக்கிய பிழையின் வேர் முன்னுரையிலேயே இருக்கிறது. மலையில் புகை, ஆகவே நெருப்பு என்ற பழைய தர்க்க உதாரணத்தைக் கொடுத்து, “புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு” என்பதை வாதத்துக்குத் ‘தேவையான’ எடுகோள் என்கிறார்கள். டெங்கிக்காகத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கொசுப்புகை அடிக்கும்போது புகை உண்டு, நெருப்பைக் காணோம். பொதுவிதி உடைந்தது, மலை நெருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் புகை நெருப்பிலிருந்து வந்தது என்றால் அதுவே போதும். பொதுவிதி உண்மையானால் முடிவு உறுதி, ஆனால் அது இல்லாமலும் முடிவு இருக்கலாம். ‘படித்தால் தேறுவான்’ என்பதற்கும் ‘படித்தால்தான் தேறுவான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரு ‘தான்’ போட்டு விளக்கியிருந்தால் 31 முதல் 52 வரை பாதிக் கேள்விகள் பிழைத்திருக்கும்.

அட்டையில் ‘எல்லாத் தேர்வுக்கும்’ என்று போட்டிருப்பது மிகை. அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் ஒரு கேள்விக்கு 5 விருப்பம், இந்த நூலில் 4. அந்தத் தேர்வில் 2024 ஆகஸ்டு முதல் புதிர் விளையாட்டுப் பகுதி போய்விட்டது; மதிப்பெண்ணுக்குரிய 3 பகுதிகளில் 2 இந்த மாதிரி வாதங்களே, பகுதிக்கு 35 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது, நூலிலோ நேரக்குறிப்பே இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் வைக்கும் வாட்சன்-கிளேசர் தேர்வின் எடுகோள் பகுதியில் இப்படி நாலைந்து விருப்பம் கிடையாது. எடுகோள் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்பார்கள்.

அச்சிலும் கவனக்குறைவு. கேள்வியில் அ, ஆ, இ, ஈ. விடைப்பட்டியலில் ஏ, பி, சி, டி. முதல் பகுதியில் விடை அதே பக்கத்தின் அடியில் இருப்பதால் கண் தானாகப் போகும். ஓர் அட்டைத் துண்டை வைத்து மறைத்துக்கொள்ளலாம். 53 முதல் 60 வரை முந்தைய கேள்விகளே, பேர் மட்டும் மாறியிருக்கிறது. கடையில் புதிதாக வந்திருக்கும் அச்சிலும் 31ஆம் கேள்விக்கு ஏ என்றே இருக்கிறது.