வெள்ளத்துக்குப் பின் மின்நுகர்வுக் கண்காணிப்பான்: ஒரு பச்சை இலை தரும் எரிச்சல்

வீட்டின் மெயின் ஒயரில் மாட்டும் மின்நுகர்வுக் கண்காணிப்பானை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அளவீட்டில் குறையில்லை, மீட்டர் கணக்கோடு ஒத்துப்போகிறது. என் புகார் முழுவதும், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு அது தரும் மாதாந்தர அறிக்கையைப் பற்றியதே.

வெள்ளம் வந்த மாதத்தில் பெரும்பாலான நாட்கள் மின்சாரமே இல்லை. அதற்கு அக்கருவி பச்சை இலை ஒன்றைக் காட்டி, சிக்கனமாக இருந்ததற்குப் பாராட்டும் தெரிவித்தது. அந்நாட்களில் ஜெனரேட்டர் குடித்த டீசல் அதன் கணக்கில் வரவேயில்லை. மின்சாரம் திரும்பியதும் ஈரம் நீக்கும் இயந்திரமும் மின்விசிறிகளும் இரவு பகலாக ஓடின. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கே ஏறத்தாழ 0.68 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவைப்படுவதால், ஊறிய சுவர்களை விரைந்து உலர்த்த முனையும் எந்த வீட்டிலும் நுகர்வு கூடத்தான் செய்யும். கருவியோ அம்மாதங்கள் முழுவதும் சிவப்பு எழுத்தில் கண்டித்தது. மறு ஆண்டு, மின்சாரமில்லாத அந்த மாதத்தையே அளவுகோலாகக் கொண்டு, இயல்பான பயன்பாட்டை ஊதாரித்தனம் என்றது.

2011 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில், டோக்கியோ, தொஹோகு பகுதிகளின் பெரிய மின்நுகர்வோர் கோடைகால உச்சத் தேவையை முந்தைய ஆண்டைவிட 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. விளக்குகளை அணைத்தும் குளிரூட்டியை 28 டிகிரியில் வைத்தும் மனமறிந்து குறைத்தவர்களுக்கு அத்தகைய ஒப்பீடு பொருந்தும். மின்சாரமே வராத வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிப்பாகம் மட்டும் நனைந்த குளிர்சாதனப் பெட்டி நன்றாகவே குளிர்ந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. நள்ளிரவு வரைபடத்தில் ஏறி இறங்க வேண்டிய கோடு, கம்ப்ரசர் ஓய்வதே இல்லை என்பதைக் காட்டும்படி மட்டமாக நீண்டிருந்தது. பழுதுபார்ப்பவர் பின்தகட்டைக் கழற்றியபோது உள்ளிருந்த காப்புப் பொருள் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கம்ப்ரசர் எங்கே ஓயும்? அந்தக் கோட்டைப் பார்த்திராவிட்டால் இன்னும் எத்தனை மாதம் அப்படியே ஓட விட்டிருப்போமோ தெரியாது.

ஒப்பீட்டுக்குரிய மாதத்தை நாமே தேர்ந்தெடுக்கும் வசதியைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். அந்த இலையை அமைப்புகளில் மறைத்துவைக்கலாம் என்று பதில் வந்தது. இப்போதுள்ள கோபத்தில் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். என்னுடையதைக் கழற்றும் எண்ணம் இல்லை.